பறவைக்குப் பெயர் உண்டு, மனிதருக்கு?

ஒரு மனிதரைப் பற்றி நாம் ஒரு நூலில் எழுதுகிறோம். அவருடைய உருவத்தையும் அதிலே அச்சிடுகிறோம். எழுதிய செய்தி உண்மையானது. வரைந்த உருவமும் உள்ளது உள்ளபடியே அமைந்திருக்கிறது. ஆயினும், அவருடைய பெயரை மட்டும் எழுதாமல் விட்டுவிடுகிறோம். இதனால் அவருக்கு நாம் அநீதி இழைத்தவர்கள் ஆவோமா? பொய் சொல்லவில்லை. இழித்துரைக்கவில்லை. அவருடைய பொருளைக் கவர்ந்து கொள்ளவுமில்லை. அப்படியாயின், அநீதி என்று ஒன்று இருக்குமானால் அது எங்கே இருக்கிறது?

விக்டோரியா அரசியாரின் காலத்தில் இங்கிலாந்து நாட்டு இயற்கை ஆராய்ச்சியாளர்கள் கீழ்த்திசை நாடுகளில் அலைந்து திரிந்து, விலங்குகளையும் பறவைகளையும் மக்களையும் படங்களோடு விவரித்து நூல்கள் வெளியிட்டனர். அந்நூல்களைச் சிந்தனையோடு புரட்டுகின்ற எவருக்கும் இவ்வினா எழாமல் இராது. உயிருள்ளவற்றின் உருவத்தை வரைவது பற்றி மார்க்க அறிஞர்களிடையே உள்ள விவாதத்திற்குள் நாம் ஈண்டுப் புகவில்லை. வரைந்தாயிற்று, அச்சாயிற்று. வரைந்தவர், வரையப்பட்டவருக்குச் செலுத்த வேண்டிய கடன் யாது என்பதே நம் கேள்வி.

அத்தகைய நூல்களுள் தலைசிறந்தது ஆல்ஃபிரட் ரசல் வாலஸ் எழுதிய 'மலாய்த் தீவுக்கூட்டம்' என்னும் நூலாகும். 1823இல் பிறந்து 1913இல் மறைந்த இவ்வறிஞர், 1854 முதல் 1862 வரை எட்டாண்டுக் காலம் சிங்கப்பூர் தொடங்கி நியூகினி வரையிலும் கடலிலும் காட்டிலும் பயணம் செய்தார். அவர் சேர்த்த உயிரின மாதிரிகள் மொத்தம் 1,25,660. அவற்றுள் பறவைகள் மட்டும் 8,050, வண்டினங்கள் 83,200. உயிரினங்கள் எவ்வாறு மாறுதலடைகின்றன என்பது பற்றி 1858இல் தெர்னாத்தே தீவிலிருந்து சார்லஸ் டார்வினுக்கு அவர் அனுப்பிய கட்டுரை உலகறிந்தது. 1869இல் இரு பாகங்களாக இலண்டனில் வெளிவந்த அவருடைய பயண நூலுக்கு ஜோசஃப் வுல்ஃப், கூலமான்ஸ், தாமஸ் பெய்ன்ஸ் முதலிய பெயர்பெற்ற ஓவியர்கள் படம் வரைந்தார்கள்.

அந்நூலின் முதற் பாகத்தைத் திறந்தவுடன் கண்ணிற் படுவது, ஒராங் ஊத்தான் என்னும் பெருங்குரங்கும் போர்னியோத் தீவின் டயாக் மக்களும் போராடுகின்ற காட்சி. வுல்ஃப் வரைந்தது. ஈட்டியோடு பாய்ந்த ஒருவரின் புயத்தை அக்குரங்கு பற்றிக் கடிக்கிறது. இது கற்பனைக் காட்சியன்று. ஆற்றோரத்தில் அப்படி ஒரு நிகழ்ச்சி உண்மையாகவே நடந்ததென்றும், கடியுண்டவர் நெடுநாள் நோயுற்றுக் கிடந்தாரென்றும், அவருடைய கை பழைய நிலையை முழுமையாக அடையவேயில்லை என்றும் வாலஸ் தம் நூலின் உள்ளே எழுதியிருக்கிறார். கொல்லப்பட்ட குரங்கின் உடலைக் கொண்டுவருபவர்களுக்கு வெகுமதி தருவதாகவும் அவர் அறிவித்தார். குரங்கின் எலும்பு அறிவுலகத்திற்குத் தேவைப்பட்டது. கடியுண்டவரின் பெயர்? அது நூலில் இல்லை. இவ்வளவுக்கும், மலாய் மொழியில் 'ஒராங்' என்றால் மனிதன். 'ஹூத்தான்' என்றால் காடு. விலங்கைக் காட்டு மனிதன் என்று அழைத்த மொழியைப் பேசும் நாட்டில், விலங்கோடு போராடிய மனிதருக்குப் பெயரில்லாமற் போனது வியப்புக்குரியதன்றோ?

மேலும் ஏடுகளைப் புரட்டினால், 'டயாக் இளைஞன்', 'ஜாவானியத் தலைவர்', 'திமோர் மனிதர்கள்', 'நியூகினியின் பாப்புவர்' என்று படங்களின் கீழே எழுதப்பட்டிருப்பதைக் காணலாம். பக்கத்திலேயே வண்டுக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் இலத்தீன் மொழியில் இருசொற் பெயர்கள் பிழையின்றி அச்சாகியிருக்கின்றன.

"இயற்கை ஆராய்ச்சியாளர் தேடுவது இனத்தை; தனி ஒருவரை அன்று. ஒரு வண்டைக் காட்டி அவ்வினத்தையே விளக்குவது போல, ஓர் இளைஞரைக் காட்டி அவர் சமூகத்தை விளக்கினார். இதில் என்ன குற்றம்?" என்று கேட்பவர்கள் உண்டு. அறிவுக்குப் பொருத்தமான கேள்விதான். இதற்கு விடை காண, நம் மதரஸாக்களில் ஆரம்பப் பாடமாகக் கற்பிக்கப்படும் மன்திக் என்னும் தருக்கக் கலையே போதுமானது. 'குல்லீ' என்பது பலருக்கும் பொதுவானது. 'ஜுஸ்ஈ' என்பது குறிப்பிட்ட ஒன்றையே சுட்டுவது. 'மனிதன்' என்பது குல்லீ. 'ஜைது' என்பது ஜுஸ்ஈ. இப்பாடத்தை ஓதிய சிறுவனும் ஒன்றைச் சொல்லிவிடுவான்: குல்லீக்கு முகம் கிடையாது! ஓவியர் எவ்வளவு வல்லவராயினும் 'டயாக் இனம்' என்பதை வரைய முடியாது. ஒரு டயாக் இளைஞரைத்தான் வரைய முடியும். அந்த மூக்கும் அந்த விழிகளும் ஒரு தாய் பெற்ற ஒரு பிள்ளைக்கே உரியவை. அவர் தம் முகத்தை இரவலாகத் தந்தார். அம்முகத்தின் கீழ்ப் பொதுப்பெயர் எழுதப்பட்டபோது, தந்தவர் மறைந்து போனார். வண்டுக்கு இதனால் இழப்பேதுமில்லை. தன்னைப் பெயர் சொல்லி அழைப்பாரில்லையே என்று எந்த வண்டும் ஏங்குவதில்லை. மனிதர் அப்படியல்லர். ஆதம் (அலை) அவர்களுக்கு இறைவன் முதன்முதலாகக் கற்பித்த கல்வியே பெயர்களைப் பற்றியதுதான் என்று திருமறை வாயிலாக அறிந்திருக்கின்ற நாம், இவ்வேறுபாட்டை எளிதில் உணரலாம்.

இனி, அந்நூலில் நம்மவரும் இடம் பெற்றிருக்கின்றனர் என்பதை வாசகர்கள் அறிதல் வேண்டும். சிங்கப்பூரைப் பற்றிய பகுதியில் 'கிளிங்குகள்' என்று ஒரு கூட்டத்தாரை வாலஸ் குறிப்பிடுகிறார். கலிங்கம் என்னும் பழைய நாட்டுப் பெயரிலிருந்து பிறந்ததாகக் கருதப்படும் இச்சொல், அக்காலத்தில் சோழமண்டலக் கரையிலிருந்து சென்றவர்களைச் சுட்டியது. இன்று இழிசொல்லாகக் கருதப்படுகிறது. அவர்கள் முஸ்லிம்கள் என்றும், சிறு வணிகர்கள், கடைக்காரர்கள் என்றும் சொல்லும் வாலஸ், அவர்களை மேற்கு இந்தியாவினர் என்று பிழையாக எழுதுகிறார். பிறகு, சீனக் கடைக்காரரோடு ஒப்பிட்டு, கிளிங்குகள் ஏறக்குறைய எப்போதும் தாம் பெற விரும்பும் விலையைப் போல் இருமடங்கு கேட்பார்கள் என்றும் சொல்லிவிடுகிறார்.

நம்மவர் கடையில் பேரம் பேசிய ஒருவர் முழுப் பொய் சொன்னார் என்று சாதிக்க நாம் முன்வரவில்லை! ஆயினும், வாலஸ் 1854இல் சிங்கப்பூரில் இறங்கியபோது அவ்வூரில் இருந்தவை கடைகள் மட்டுமல்ல. சூலியாக்கள் என்று அழைக்கப்பட்ட தமிழ் முஸ்லிம்கள் 1826இல் நிறுவிய ஜாமிஆப் பள்ளிவாசல் இருந்தது. தெலுக் ஆயர்த் தெருவில், 1828க்கும் 1830க்கும் இடையில் அவர்கள் எழுப்பிய நாகூர் தர்கா இருந்தது. கடல் கடந்து சென்று, பொருளீட்டி, ஈட்டியதில் ஒரு பங்கை இறைவழியில் செலவிட்டவர்கள் அவர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பெயரும், ஊரில் காத்திருக்கும் ஒரு குடும்பமும் இருந்தன. இவ்வளவும் 'இருமடங்கு விலை' என்னும் ஒரே சொற்றொடருக்குள் அடங்கிவிட்டன. இதைப் படிக்கையில் நம் நெஞ்சில் ஒரு முள் தைக்கிறதல்லவா? அதே முள்தான் டயாக் மக்களின் பேரப்பிள்ளைகளின் நெஞ்சிலும் தைத்திருக்கும். நமக்கு வலிப்பதை வைத்துப் பிறர் வலியை அளந்தறிவதே நீதியின் முதற் படியாகும்.

பெயர் சொல்லப்பட்ட ஒருவரும் அந்நூலில் உண்டு. அவர் அலீ என்னும் சரவாக்கு நாட்டு மலாய் இளைஞர். சமையற்காரராக வந்து சேர்ந்த அவர், பறவைகளைச் சுடவும், தோலுரித்துப் பதப்படுத்தவும் தேர்ந்து, தீவுதோறும் வாலஸுடன் சென்றார். 1858 அக்டோபரில் பச்சான் தீவில், ஒருநாள் காட்டிலிருந்து திரும்பிய அலீ, இதுவரை காணாத ஒரு பறவையை எடுத்து நீட்டினார். நெஞ்சிலே பச்சை மின்ன, தோள்களிலிருந்து நீண்ட வெண்ணிறகுகள் தொங்கும் அது, அறிவுலகம் அதுவரை அறியாத ஒரு சொர்க்கப் பறவை. அடுத்த ஆண்டு இலண்டனில் ஜார்ஜ் ராபர்ட் கிரே அதற்குப் பெயரிட்டார். வாலஸின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. 1869ஆம் ஆண்டு நூலில் அப்பறவையின் ஆணும் பெண்ணும் அழகுறப் படமாக இடம் பெற்றன. பறவையைக் கண்டுபிடித்துக் கொணர்ந்தவரின் படம் அதில் இடம் பெறவில்லை.

வாலஸை நன்றி கொன்றவர் என்று நாம் சொல்லிவிடலாகாது. அப்பறவையைக் கொண்டுவந்தவர் அலீ என்பதை உலகம் அறிந்ததே அவர் எழுதியதால்தான். 1862இல் பிரிகையில், பணத்தோடு தம் இரு துப்பாக்கிகளையும் வேறு பொருள்களையும் அலீக்குக் கொடுத்தார். அப்போது சிங்கப்பூரில் எடுக்கப்பட்ட அலீயின் ஒளிப்படத்தை நாற்பதாண்டுகளுக்கு மேல் காத்து வைத்திருந்து, 1905இல் வெளியிட்ட தம் வாழ்க்கை வரலாற்றில் சேர்த்தார். அங்கே அவரைச் சிறந்த பணியாள் என்றும், உண்மையான துணைவர் என்றும் இரண்டு விதமாகவும் போற்றுகிறார். அன்றியும், தம் பயண நூலின் இறுதியில், செல்வமும் அறிவும் மிகுந்த தம் நாட்டைவிட, தாம் கண்ட எளிய மக்களின் ஒழுக்கமே மேலானதென்று துணிந்து எழுதிய நேர்மையாளர் அவர்.

ஆயினும், இங்கே இரு கடன்கள் இருப்பதை நாம் பிரித்தறிய வேண்டும். ஒன்று கூலிக் கடன். மற்றொன்று பெயர்க் கடன். முன்னதை வாலஸ் தாராளமாகவே தீர்த்தார். பின்னதைத் தீர்க்க நாற்பதாண்டுகள் சென்றன. 1907இல் தாமஸ் பார்பர் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் தெர்னாத்தேயில் ஒரு முதியவரைச் சந்தித்தார். அம்முதியவர் தம்மை 'அலீ வாலஸ்' என்று அறிமுகப்படுத்திக்கொண்டார். பறவையும் வாலஸின் பெயரைச் சுமந்தது; அதைக் கொண்டுவந்தவரும் அவர் பெயரையே சுமந்தார். அதை அவர் பெருமையோடுதான் சொல்லியிருப்பார். எனினும், தம்மைப் பிறர் அறிவதற்குத் தம் சொந்தப் பெயர் போதாது என்று ஒருவர் கருத நேர்ந்த நிலையை எண்ணும்போது நம் உள்ளம் கனக்கிறது.

இவையெல்லாம் ஐரோப்பியரின் குறை என்று சொல்லி நாம் நழுவிக்கொள்ள இயலாது. ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஸகரிய்யா கஸ்வீனீ எழுதிய 'அஜாயிபுல் மக்லூகாத்' என்னும் படைப்பின் விந்தைகள் பற்றிய நூலின் ஓவியப் பிரதிகளைப் பார்ப்போர், தொலைதூரத் தீவுகளில் வாழ்வோர் நாய்த்தலையோடும் வேறு விந்தை உருவங்களோடும் வரையப்பட்டிருப்பதைக் காண்பர். வாலஸின் ஓவியர்களாவது ஆடவரை ஆடவராகவே வரைந்தார்கள்! தொலைவில் இருப்பவரை விந்தைப் பொருளாகக் காணும் நோய் எல்லாச் சமூகத்திற்கும் உண்டு. அந்நோய்க்கு மருந்தும் நம் முன்னோரிடத்தில் உண்டு. கி.பி. 1030 வாக்கில் இந்தியாவைப் பற்றி எழுதிய அல்பிரூனீ, சமஸ்கிருதத்தைக் கற்று, இந்நாட்டார் தம்மைப் பற்றித் தாமே சொல்வதைக் கேட்டு எழுத முயன்றார்.

எல்லாவற்றிலும் மேலாக, ஹதீஸ் கலை வல்லுநர் வகுத்த இஸ்னாத் என்னும் முறை இருக்கிறது. ஒரு செய்தியை ஏற்குமுன், யார் யாரிடமிருந்து கேட்டார் என்று பெயர் பெயராகக் கேட்பது அதன் விதி. மாலிக், நாஃபிஉ, இப்னு உமர் என்ற தொடரை அறிஞர்கள் பொற்சங்கிலி என்று போற்றுவர். அதன் நடுக் கண்ணியாகிய நாஃபிஉ யார்? இப்னு உமர் (ரலி) அவர்களிடம் அடிமையாயிருந்து, அவர்களால் விடுதலை செய்யப்பட்டவர். இமாம் மாலிக் அவர்கள் எசமானரின் பெயரை மட்டும் சொல்லி, இடையில் நின்ற பணியாளரை விட்டுவிடவில்லை. விட்டிருந்தால் சங்கிலியே அறுந்திருக்கும். அறிவைச் சுமந்து வந்தவர் அடிமையேயானாலும் அவர் பெயர் சொல்லப்பட்டே ஆக வேண்டும் என்பது பணிவுரை அன்று. அறிவு மெய்யாவதற்குரிய நிபந்தனை. யார் கொடுத்தார் என்று சொல்லாத செய்தியை எப்படிச் சோதிப்பது?

நம் தமிழகத்திலும் இதற்கு இருவகைச் சான்றுகள் கிடைக்கின்றன. சென்னை மாகாணத்தில் மருத்துவராயிருந்த ஜெர்டன், 1843 முதல் 1847 வரை தென்னிந்தியப் பறவைகளின் ஐம்பது படங்களை வெளியிட்டார். அவற்றை வரைந்தவர்களில் பலர் இந்நாட்டு ஓவியர்கள். 'இந்நாட்டு ஓவியர்' என்ற பொதுப்பெயரே அவர்களுக்குக் கிட்டியது. அதே காலத்தில், அதே மாகாணத்தில், ராபர்ட் வைட் என்னும் மருத்துவர் தாவரங்களை ஆராய்ந்தார். அவருக்குப் படம் வரைந்த ரங்கையா, கோவிந்து என்னும் இருவரின் பெயர்களும் படங்களின் கீழே அச்சாயின. அதனோடு அமையாமல், 1853இல் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே கோவிந்துவின் பெயரைச் சூட்டினார் வைட். பின்வந்த வகைப்பாட்டில் அப்பெயர் வழக்கொழிந்தது. ஆனால், 'அக்காலத்தில் அப்படித்தான் வழக்கம். யாரையும் குறை கூறலாகாது' என்ற சமாதானத்தை அது பொய்யாக்கிவிட்டது. அக்காலத்திலும் செய்ய முடிந்தது. செய்ய மனம் வைத்தவர் செய்தார்.

இவ்வளவும் கடல் கடந்த செய்தி, கடந்த காலச் செய்தி என்று வாசகர்கள் எண்ணிவிடலாகாது. நாம் வாழும் பெரிய காஞ்சிபுரத்தில், குழித்தறியில் அமர்ந்து, மூன்று நாடாக்களைக் கொண்டு கோர்வை போட்டு, சேலையின் உடலையும் கரையையும் இணைக்கிறார் நெசவாளர். மறுபுறம் அமர்ந்து நாடாவைத் தள்ளிக் கொடுக்க ஒரு துணையாளும் வேண்டும். முந்தியில் மயிலும் அன்னமும் யாளியும் யானையும் பட்டிலும் ஜரிகையிலும் உயிர் பெறுகின்றன. காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்து, ஊரின் பெயர் சட்டத்தால் காக்கப்பட்டது. கடையின் பெயர் பெட்டியின் மேல் பொறிக்கப்படுகிறது. உருவத்தின் பெயரும் தெரியும். ஊரின் பெயரும் தெரியும். விற்றவரின் பெயரும் தெரியும். மகளின் நிக்காஹுக்கு எடுத்த சேலையை நெய்தவர் யாரென்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்?

"கூலி கொடுத்தாயிற்றே!" என்பார்கள். கூலி வேறு, பெயர் வேறு என்பதை முன்னரே கண்டோம். "அவரே கேட்கவில்லையே!" என்பார்கள். கேட்கும் துணிவு கடனாளிக்கு எதிரே எளியவருக்கு எப்போது வந்தது? "பெயரும் படமும் வெளிவருவதைச் சிலர் விரும்பமாட்டார்களே!" என்றும் சொல்லலாம். இது மட்டும் மெய்யான தடை. நாணமும் மறைவும் பேணும் நம் குடும்பங்கள் இதை நன்கறியும். ஆனால், அதை அறிந்துகொள்ளவும் அவரைத்தானே கேட்க வேண்டும்? மறைத்துக்கொள்வது அவருடைய உரிமை. அவரைக் கேளாமலே மறைத்துவிடுவது நம் உரிமையன்று.

எனவே, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இப்போது விடை கூறலாம். அநீதி படத்தில் இல்லை. செய்தியின் மெய்யிலும் இல்லை. "உங்கள் பெயர் என்ன?" என்று கேட்கத் தேவையில்லாத ஒருவராக அவரைக் கருதியதில் இருக்கிறது. முகத்தை வாங்கிக்கொள்கிறோம், உழைப்பை வாங்கிக்கொள்கிறோம், அறிவையும் வாங்கிக்கொள்கிறோம். பெயரைக் கேட்கும் ஒரு கணத்தைத் தர மறுக்கிறோம்.

பினாங்கிலும் சிங்கப்பூரிலும் இரங்கூனிலும் வணிகம் செய்த பாட்டனார்களின் பழைய ஒளிப்படங்கள் நம்மில் பலருடைய இல்லங்களில் உள்ளன. கடை வாசலில் முதலாளி நாற்காலியில் அமர்ந்திருப்பார். பின்வரிசையில் நிற்கும் கணக்கர், சமையற்காரர், எடுபிடிச் சிறுவர் யாவர்? சொல்லக்கூடிய முதியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு, படத்தின் பின்புறத்தில் ஒவ்வொருவர் பெயரையும் எழுதி வையுங்கள். முதலாளியின் பெயரை எழுதுகிற அதே மையினால் எழுதுங்கள்.